நீ பார்த்த முட்டி

ஜனவரி 9

தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் சுகம் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். உன் அத்தானுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. எனக்கு இருக்கும் குறையைத்தான் எழுதப்போகிறேன்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் "முட்டி" என்று வாயெடுத்ததும் நீ "ம், சொல்லுக்கா" என்பாய், உடனே யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள், "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. காகிதம் என்றால் நீ வைக்க முடியாது.

இடது முட்டி மறுபடி வீங்கிவிட்டது. முட்டிச்சில்லுக்கு மேலே சின்னத் தலையணை ஒன்றைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. எங்கள் பஸ் டிப்போ ஆஸ்பத்திரியில் இதுவரை ஒன்பது தடவை ஊசி குத்தி நீர் எடுத்துவிட்டார்கள். ஒன்பது தடவையும் ஒரே பேச்சு, வயதாகிறது, தேய்மானம், எடையைக் குறை. கடைசித் தடவை நான் கேட்டேவிட்டேன், என் எடையை வலது காலும்தானே சுமக்கிறது, அது ஏன் வீங்கவில்லை என்று. கம்பவுண்டர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எரிச்சலில் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே எலும்புப் பிரிவில் புதிதாக ஒரு டாக்டரம்மா. உன்னைவிட வயதில் சின்னவள். எதுவும் கேட்பதற்கு முன்னால் இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தண்ணி மட்டும் இருந்தா இப்படி இருக்காதும்மா. உள்ள வேற ஏதோ இருக்கு."

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மூட்டை மூடியிருக்கும் உள்சவ்விலிருந்து கொழுப்பு கிளை கிளையாக வளர்ந்து நீருக்குள் தொங்குகிறது. இலை உதிர்ந்த மரத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. ஒரு படத்தில் அது வெள்ளை. கொழுப்பை மட்டும் மறைக்கிற மாதிரி இன்னொரு படம் எடுப்பார்களாமே, அதில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு கறுத்துப்போகும்போது இதுவும் கூடவே கறுத்துப்போகிறது. அப்படியானால் இதுவும் கொழுப்பு. வாய்க்குள் நுழையாத பெயர் ஒன்று சொன்னாள். உனக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது விஷயம். இது வேகமாக வளர்ந்ததா, பல வருஷமாக இப்படியே இருக்கிறதா என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் டிப்போவுக்கு ஸ்கேன் வண்டி வந்தபோது எடுத்து, நான் உனக்கு அனுப்பிய சிடி இருக்கிறதல்லவா, நீ பார்த்துவிட்டுத் தேய்மானம் என்று எழுதினாயே, அதை உடனே அனுப்பு. அன்றைக்கு அந்த வண்டிக்காரர்கள் அறிக்கை தர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். என் தம்பியே பெரிய ஸ்கேன் டாக்டர், அவன் பார்ப்பான், உங்கள் அறிக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

நீர் எடுத்த இடம் இன்னும் சுருக்கென்கிறது. சிடியை மறக்காதே.

உன் அக்கா

•

ஜனவரி 24

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ரத்த அழுத்தம் பார்த்து எவ்வளவு நாளாகிறது? அத்தானுக்கு இடுப்புவலி இப்போது எப்படி? எங்கள் இருவருக்கும் நலம்தான். இங்கே வேலை சொல்லி மாளாது. பிரிவுக்கு என்னைத் தலைவராக்கியதிலிருந்து படம் பார்ப்பதைவிடக் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பதே அதிகம்.

உன் டாக்டர் சொன்னது லைப்போமா ஆர்போரசன்ஸ் என்பதாக இருக்கும். மரம்போலக் கிளைக்கும் கொழுப்பு என்றுதான் அதற்குப் பொருள். மிக அபூர்வம். என் சர்வீஸில் நான்கோ ஐந்தோ பார்த்திருப்பேன். வருஷக்கணக்காகத் தேய்ந்து வீங்கிய மூட்டில் உள்சவ்வு எரிச்சல் பட்டுப்பட்டுக் கொழுப்பாக மாறிவிடுகிறது என்றுதான் பலர் சொல்கிறார்கள். நல்லவிதமான வளர்ச்சி. பயப்பட ஒன்றுமில்லை. வெளியே தேய்மானம் மாதிரியே தெரிவதால் யாரும் லேசில் சந்தேகப்படமாட்டார்கள். டிப்போ டாக்டரைக் குறை சொல்ல முடியாது.

சிடியைத் தேடுகிறேன். நடுவில் வீடு மாறினோம், நினைவிருக்கும். அந்த வண்டியில் இருந்த பழைய இயந்திரத்தில் இவ்வளவு நுணுக்கம் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

படியேறாதே. காலை உயர்த்தி வை.

தம்பி

•

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். நீ விசாரித்த ரத்த அழுத்தம் உன் கடிதத்தைப் படித்தபோது ஏறியது.

நான் கேட்டது ஒரு சிடி. நீ அனுப்பியது ஒரு பாடம். டிப்போ டாக்டருக்காக நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை.

டாக்டரம்மா நல்லதுதான் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சொல்கிறாள். மீதி இரண்டைச் சொல்லாமல் விடக்கூடாது என்று அதையும் சொன்னாள். கொழுப்பிலேயே கெட்ட கட்டியும் வருமாம். பழைய படத்தில் இது இதே அளவில் இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் வெட்டுகிற விதமே வேறு. இந்த இரண்டை மடியில் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், நீ வீடு மாறினோம் என்கிறாய்.

நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் எழுதுகிறேன். நீ ஒருநாளும் கேட்டதில்லை. பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைக்கிற அறை. ஜன்னல் கிடையாது. முப்பத்தொரு குடை, ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட், ஒரு பள்ளிக்கூட உலக உருண்டை. கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக்கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பதினெட்டு வருஷம் பெரிய வண்டி ஓட்டியவளுக்கு இந்த வேலை. இந்த டிப்போவில் ஸ்டியரிங் பிடித்த முதல் பொம்பளை நான். எதிரே லாரி வந்தாலும் ஒதுங்காதவள், இப்போது குடைகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கிறேன்.

யாரால் என்று நினைக்கிறாய்? இரண்டு மாதம் லைட் டியூட்டி கிடைத்தால் வீக்கம் வடியும் என்றுதான் உன்னிடம் ஒரு காகிதம் கேட்டேன். உன் ஆஸ்பத்திரித் தாளில், முத்திரையோடு, "இடது முட்டி ஸ்கேனைப் பார்த்தேன். மூட்டுத் தேய்மானம். கனரக வாகனம் தொடர்ந்து ஓட்டுவது உகந்ததல்ல" என்று எழுதி அனுப்பினாய். அதை மருத்துவக் குழுவில் வைத்தார்கள். ஒரே கையெழுத்தில் என்னை வண்டியிலிருந்து நிரந்தரமாக இறக்கிவிட்டார்கள். தம்பி பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் வாயை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன்.

சிடியை அனுப்பு.

அக்கா

•

பிப்ரவரி 14

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. உங்கள் முட்டி வீக்கம் இப்போது எப்படி இருக்கிறது? அண்ணனையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கோபமாக இருப்பது உங்கள் கடிதத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. இவர் மேஜைமேல் திறந்தபடியே வைத்திருந்தார், அதனால் படித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிடியைத் தேடவில்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை பரணில் இருந்த நாலு பெட்டியையும் இறக்கி நானும் அவரும்தான் தேடினோம். மூன்றாவது பெட்டியில் உங்கள் கையெழுத்து போட்ட பழுப்பு உறை ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கம்ப்யூட்டர் போடும் சத்தம் கேட்டது. சாப்பிடக் கூப்பிட்டேன், பசிக்கவில்லை என்றார். அதுதானா என்று கேட்டதற்கு, "அது இல்ல, வேற" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு நாளாக யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது. நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணி. உங்கள்மேல் அவருக்குப் பாசம் அதிகம், அதை வெளியே காட்டத்தான் தெரியாது.

அதிகம் நடக்காதீர்கள்.

உங்கள் தம்பி மனைவி

•

பிப்ரவரி 19

அன்பு அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என நம்புகிறேன்.

சிடி கிடைக்கவில்லை. வீடு மாறியபோது தொலைந்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் எல்லாம் தெரிந்துவிடும். உன் டாக்டரின் போன் நம்பரை அனுப்பு, நானே பேசுகிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

•

மார்ச் 2

நலம் விசாரிப்பதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

சிடி கிடைத்துவிட்டது. உன் வீட்டில் அல்ல, என் வீட்டில்.

உன் அத்தானுக்கு மறுபடி இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் காட்டலாம் என்று அவருடைய பழைய ஸ்கேனை அலமாரியிலிருந்து எடுத்தோம். உறையில் "இடுப்பு" என்று என் கையால் எழுதியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் போட்டுப் பார்த்தால், திரையில் முதல் வரியே என் பெயர். பெண், வயது நாற்பத்தொன்பது, இடது முழங்கால். தேதியும் நான் முட்டியை ஸ்கேன் எடுத்த அன்றையது.

அவரும் நானும் ஒரே வாரத்தில் ஒரே வண்டியில் ஸ்கேன் எடுத்தோம். உனக்கு அனுப்பும்போது உறைக்குள் சிடியை மாற்றிப் போட்டிருக்கிறேன். அது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். உனக்கு வந்தது உன் அத்தானின் முதுகெலும்பு.

இப்போது நீ சொல். நீ பார்த்துவிட்டு, தேய்மானம் என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பியது யாருடைய முட்டி?

ஒரு நிமிஷம் அதைத் திறந்திருந்தால் போதும். ஆண், வயது ஐம்பத்தேழு என்று வந்திருக்கும். "என்னக்கா, அத்தானோட இடுப்ப அனுப்பி வச்சிருக்க" என்று போன் பண்ணிச் சிரித்திருப்பாய். நானும் சிரித்திருப்பேன். மறுநாளே சரியானதை அனுப்பியிருப்பேன். அந்தச் சிரிப்பு வரவில்லை, மூன்று வருஷம் போய்விட்டது.

என் முட்டிப் படத்தைப் பக்கத்தில் புதுப் படத்தோடு வைத்து டாக்டரம்மா அளவெடுத்துப் பார்த்தாள். அன்றைக்கும் அதே மரம், அதே கிளைகள், கொஞ்சம் சின்னதாக. கெட்டது இல்லை என்று அப்போதே முகம் தெளிந்துவிட்டது அவளுக்கு. பழைய இயந்திரத்தில் தெரியாது என்று எழுதினாயே, கண்ணாடி போடாத எனக்கே தெரிந்தது.

அவள் என்னிடம் கேட்டாள்: "மூணு வருஷத்துக்கு முன்னாடியே இவ்வளவு தெளிவா இருக்கே. இதை யாரும்மா பார்த்தது?"

"யாரும் பார்க்கல" என்றேன்.

உன்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே. உண்மை அதுதான்.

உன் பெண்டாட்டி எழுதியிருந்தாள், பழுப்பு உறையோடு அறைக்குள் போனாய், அப்புறம் சாப்பிடவில்லை என்று. எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. அன்றைக்குத்தான் நீ அதை முதல் தடவையாகத் திறந்திருக்கிறாய். திறந்து, அத்தானின் எலும்பைப் பார்த்து, உறையைத் திருப்பி மூடி, எனக்குத் "தொலைந்துவிட்டது" என்று எழுதினாய். அந்த நேரம் நான் இங்கே அந்த நூற்றுக்கு இரண்டை எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் தடவை செய்தது சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது தடவை செய்ததற்கு நீயே பெயர் வை.

உன் அத்தான் இதைக் கேட்டுவிட்டு, "என் இடுப்பைப் பத்தி மச்சான் ஒரு வார்த்தை எழுதலையே" என்று மட்டும் சொன்னார். வீட்டில் சிரிக்க ஆள் இருக்கிறது.

என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. மருத்துவக் குழுவுக்கு எழுது. பார்க்காமல் எழுதினேன் என்று எழுது. உன் காகிதம்தான் என்னை இறக்கியது, உன் காகிதம்தான் பேச வேண்டும்.

அக்கா

•

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஏழு தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் பார்க்கவில்லை. அன்றைக்கு உன் உறை தபாலில் வந்தபோது என் மேஜையில் முப்பத்தெட்டுப் படம் காத்திருந்தது. உறையைக் கையில் எடுத்தேன். உள்ளே சிடி இருப்பது விரலுக்குத் தெரிந்தது. அக்கா, வயது ஐம்பதை நெருங்குகிறது, பதினெட்டு வருஷம் கிளச் மிதித்த கால். திறக்காமலே படம் என் கண்ணுக்குள் வந்துவிட்டது. அந்த வயது முட்டியில் நான் வேறு எதைப் பார்த்திருக்கிறேன்? டீ ஆறுவதற்குள் அந்தக் காகிதத்தை எழுதி முடித்தேன். "பார்த்தேன்" என்றும் எழுதினேன். மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுப்பறையில் போட்டேன். மாலையில் வேறு உறை வந்திருக்கும்.

பரணிலிருந்து எடுத்த அன்று திரையில் முதுகெலும்பு வந்து நின்றது. ஒட்டிய இடமே கிழியாமல் இருந்த உறையைக் கத்தரியால் வெட்டியது நான்தான். தொலைந்துவிட்டது என்று உனக்கு ஏன் எழுதினேன் என்றால், பயம். வேறு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

மருத்துவக் குழுவைப் பற்றி. நான் இப்போது பிரிவின் தலைவர். பார்க்காமல் சான்று கொடுத்தேன் என்று எழுதினால், நான் இதுவரை கையெழுத்திட்ட எல்லாப் படமும் சந்தேகத்துக்கு வந்துவிடும். ஆஸ்பத்திரியே ஆட்டம் காணும். வேறு வழி இருக்கிறது. உன் புதிய ஸ்கேனை அனுப்பு. "அப்போது தேய்மானம் மட்டுமே இருந்தது, இந்த வளர்ச்சி பின்னால் வந்தது, அறுவை சிகிச்சைக்குப் பின் வாகனம் ஓட்டலாம்" என்று புதிதாக ஒரு அறிக்கை தருகிறேன். உனக்கு வண்டி திரும்பக் கிடைக்கும். யாருக்கும் சேதமில்லை. யோசித்துப் பார்.

நீ திட்டினாலும் பரவாயில்லை, பதில் எழுது.

தம்பி

•

ஏப்ரல் 17

தம்பிக்கு,

உன் கடிதத்தின் முதல் பாதியைப் படித்து அழுகை வந்தது. இரண்டாம் பாதியைப் படித்து அது காய்ந்துவிட்டது.

யாருக்கும் சேதமில்லையாம். பொய்யை மூட இன்னொரு பொய் தருகிறேன், அதை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறு என்கிறாய். அதை நீட்டி வாங்கிய ஸ்டியரிங்கை நான் எந்த முகத்தோடு பிடிப்பது? பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆபரேஷன் ஆகிவிட்டது. மார்ச் 26. உனக்குச் சொல்லவில்லை. இடுப்பில் ஊசி போட்டுக் காலை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். முட்டியில் சின்னச் சின்னத் துளை. ஒன்றில் கேமரா. டாக்டரம்மாவிடம் நான் பார்க்க வேண்டும் என்று முன்னமே சொல்லியிருந்தேன். திரையைத் திருப்பி வைத்தாள்.

மஞ்சளாக இருந்தது. விரல் விரலாக, ஒவ்வொரு விரலிலும் குட்டி விரல்களாக, நீருக்குள் அசைந்துகொண்டு. குளத்துக்கு அடியில் பாசி ஆடுமே, அப்படி. அருவருப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இவ்வளவு நாள் இது என்னோடு இருந்திருக்கிறது, டிப்போ டாக்டர் இதைத்தான் ஒன்பது தடவை ஊசியால் குத்தித் தண்ணீரை மட்டும் எடுத்திருக்கிறார் என்று தோன்றியது. சவ்வோடு சேர்த்துச் சுரண்டி எடுத்தாள். ஒன்றரை மணி நேரம். நான் ஒரு நொடி கண்ணை எடுக்கவில்லை.

பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. கெட்டது இல்லை. கொழுப்புதான்.

ஆனால் முட்டிச்சில்லின் உட்பக்கம் குருத்தெலும்பு நிறையத் தேய்ந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே எடுத்திருந்தால் இவ்வளவு தேய்ந்திருக்காதா என்று கேட்டேன். "இருக்கலாம். ஆனா அடிச்சுச் சொல்லமாட்டேன்" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

உன் பதவிக்கு ஆபத்து என்கிறாய். உன் இழுப்பறையில் இன்னும் எத்தனை உறை திறக்காமல் இருக்கிறது? அந்த உறைக்காரர்கள் இப்போது எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதை யோசித்தாயா?

இனி எனக்கு எழுதாதே. அவர்களுக்கு எழுது. அதுவரை எனக்குத் தம்பி இருக்கிறானா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்பேன், அதற்குமேல் பேசமாட்டேன்.

அக்கா

•

மே 20

பெறுநர்: மருத்துவக் குழுத் தலைவர், போக்குவரத்துப் பணிமனை
நகல்: கண்காணிப்பாளர், நான் பணிபுரியும் மருத்துவமனை
நகல்: என் அக்கா

ஐயா,

தங்கள் பணிமனையில் ஓட்டுநராக இருந்த என் அக்காவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு மருத்துவச் சான்று அளித்தேன். அவரது இடது முழங்கால் ஸ்கேனைப் பார்த்ததாகவும், மூட்டுத் தேய்மானம் இருப்பதாகவும், கனரக வாகனம் ஓட்டுவது உகந்ததல்ல என்றும் அதில் எழுதியிருந்தேன்.

நான் அந்த ஸ்கேனைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த உறையைத் திறக்கவே இல்லை. அதற்குள் இருந்தது வேறொருவருடைய படம் என்பது இந்த ஆண்டு பிப்ரவரியில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் சிடி தொலைந்துவிட்டதாக அக்காவிடம் பொய் சொன்னேன்.

அவருக்கு இருந்தது மூட்டின் உள்சவ்வில் வளரும் அபூர்வமான கொழுப்பு வளர்ச்சி. அறுவை சிகிச்சையால் அகற்றக்கூடியது. உரிய காலத்தில் நான் உறையைத் திறந்து, சரியான படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் அப்போதே கண்டுபிடித்திருக்க முடியும்.

என் சான்று செல்லாது. அதன் அடிப்படையில் எடுத்த முடிவைத் தயவுசெய்து மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருவேன்.

இப்படிக்கு,
கதிரியக்கப் பிரிவுத் தலைவர்

•

ஜூன் 28

அண்ணிக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத் தொடங்க வேண்டும். நடக்க முடிகிறது என்று அண்ணன் போனில் சொன்னார். சந்தோஷம்.

இந்தக் கடிதம் எழுதுவது இவருக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்றார். நான் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் கோபம் வரும்.

பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை தனியாகக் கையெழுத்துப் போடக்கூடாது, இவர் பார்க்கும் படத்தை இன்னொருவர் மறுபடி பார்ப்பார். அவர் இவரைவிடப் பத்து வருஷம் ஜூனியர். ஐந்து வருஷப் படங்களில் சந்தேகமானதை எல்லாம் திரும்பப் பார்க்கச் சொல்லி இவரே கேட்டிருக்கிறார். இதுவரை இரண்டு தவறு அகப்பட்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் தானே போய்ச் சொன்னார். ஒருவர் வீட்டில் கதவை முகத்தில் அடித்தார்களாம்.

உங்கள் கோபம் நியாயம். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இருவரும் காகிதத்தில் சண்டை போட்டீர்கள், அதை நான் வீட்டில் வைத்து வாழ்ந்தேன். அந்த உறையைக் கண்டெடுத்த அன்றே என்னிடம் அவர் சொல்லியிருந்தால், அன்றைக்கே உங்களுக்கு எழுத வைத்திருப்பேன். என்னிடமும் "வேற" என்றார். அவர்மேல் எனக்கு இருக்கும் கோபம் உங்களுக்குக் குறைந்ததல்ல. உங்கள்மேலும் கொஞ்சம் இருக்கிறது. ஆபரேஷனை எனக்காவது சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்?

மருத்துவக் குழுவுக்கு அந்தக் கடிதம் எழுதிய அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி

•

ஆகஸ்ட் 16

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். முட்டி வீங்கவில்லை. படி இறங்கும்போது மட்டும் முனகுகிறது.

முதலில் உன் பெண்டாட்டியிடம் சொல், அவளுக்கு என்மேல் கோபப்பட உரிமை உண்டு, நான் அவளுக்குத் தனியாக எழுதுகிறேன் என்று. பிறகு உனக்கு. பதவி போனதை எனக்குச் சொல்லவில்லை. நல்லதோ கெட்டதோ, மூடி வைக்கிற புத்தி உன்னைவிட்டுப் போகவில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டு இருக்கிறது.

மருத்துவக் குழு போன வாரம் கூப்பிட்டது. டாக்டரம்மாவின் அறிக்கையைப் படித்தார்கள். உன் கடிதத்தையும் மேஜைமேல் வைத்திருந்தார்கள். குழுத் தலைவர் அதை என் பக்கம் தள்ளி, என் சர்வீஸில் இப்படி ஒரு கடிதம் வந்ததில்லை என்றார். பாராட்டுகிறாரா, திட்டுகிறாரா என்று தெரியவில்லை. "எனக்கும் வந்ததில்ல சார்" என்றேன். உடனே வண்டிச் சாவியைக் கேட்டேன்.

டிப்போ மைதானத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். மூன்று வருஷம் ஆகியிருந்தது. சீட்டைச் சரிசெய்யவே ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன். ரிவர்ஸ், வளைவு, மேட்டில் நிறுத்தி எடுப்பது, திடீர் பிரேக். கிளச்சை ஐம்பது தடவை மிதிக்கவைத்தார்கள். முப்பதாவது தடவை வலித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்புறம், அதுவும் ஒரு "பார்த்தேன்"தானே என்று தோன்றியது. இறங்கி வந்து, முப்பதில் வலித்தது என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

அதனால் தொலைதூர வண்டி கிடையாது. ஊருக்குள் ஓடும் வண்டி, ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முட்டியைக் காட்ட வேண்டும். முழுசாகத் திரும்பக் கிடைக்கவில்லை. போனது போனதுதான். அதை நினைக்கும்போதெல்லாம் உன்மேல் பற்றிக்கொண்டு வருகிறது, இனிமேலும் வரும், மறைக்கமாட்டேன்.

நீ வர வேண்டும் என்று உன் அத்தான் சொல்கிறார். நான் சொல்லவில்லை. வருவதானால் ரயில் நிலையத்திலிருந்து வேறு வண்டி பிடிக்காதே. வாசலுக்கு எதிரே பதினேழாம் எண் காலை ஆறு ஐம்பதுக்கு வரும். ஓட்டுவது நான். ஏறி உட்கார், ஆனால் என்னோடு பேசாதே, ஓட்டுநரோடு பேசக்கூடாது என்று என் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது. கடைசி நிறுத்தம் வரைக்கும் வா. அங்கே வண்டி பன்னிரண்டு நிமிஷம் நிற்கும். எல்லாரும் இறங்கிவிடுவார்கள். உனக்கு வைத்திருக்கும் திட்டையெல்லாம் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் திட்டி முடிக்கப் பார்க்கிறேன்.

முடியாவிட்டால் நீ இறங்காதே. அடுத்த டிரிப் இருக்கிறது.

அக்கா